பியானோ நமக்கு அந்நியமா?

தஞ்சாவூரில் பியானோ என்று சொன்னாலே, "அது வெள்ளைக்காரர் வாத்தியம் அல்லவா?" என்று கேட்பவர் பலர். பலாமரத்தில் வீணை செய்யும் ஊர் இது. திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் தோடியைக் கேட்டு மகிழ்ந்த காவிரிக்கரை இது. ஆகவே அக்கேள்வியில் வியப்பில்லை. ஆனால் பத்தாம் வகுப்பு மாணவியராகிய எங்களுக்கு அதன் பின்னால் இன்னொரு குரலும் கேட்கிறது. "பொதுத்தேர்வு வருகிறது. பியானோ சோறு போடுமா? நிறுத்திவிடு" என்பதே அக்குரல். எங்களுள் பலர் இவ்வாண்டு அப்படியே நிறுத்தியும் விட்டனர். இது சரியன்று என்பது எங்கள் கருத்து. பெற்றோர் கோபியாமல் படிக்க வேண்டுகிறோம்.

முதலில், அந்நியம் என்ற பேச்சைப் பார்ப்போம். 1798 முதல் 1832 வரை தஞ்சையை ஆண்ட இரண்டாம் சரபோஜி மன்னர், ஷ்வார்ட்ஸ் பாதிரியாரிடம் பயின்றவர். அவர் அரண்மனையில் மேல்நாட்டு வாத்தியக் குழு இருந்தது. அவர் திரட்டிய மேல்நாட்டு இசைச் சுவடிகள் சரசுவதி மகால் நூலகத்தில் உள்ளன. திருவாரூரில் பிறந்த முத்துசுவாமி தீட்சிதர் ஆங்கில பாண்டு மெட்டுகளுக்கு வடமொழியில் சாகித்தியம் எழுதினார். அவற்றை நோட்டுசுவரம் என்கிறோம். ஆங்கிலேயரின் நாட்டு வாழ்த்து மெட்டும் அவற்றுள் ஒன்று! அவர் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் வயலின் கற்றார். தஞ்சை நால்வருள் ஒருவரான வடிவேலுவுக்கு 1834-இல் சுவாதித் திருநாள் மகாராஜா தந்தத்தால் ஆன வயலினைப் பரிசளித்தார். இன்று வயலின் இல்லாத கச்சேரி உண்டா? அதை அந்நியம் என்று சொல்ல யாருக்கு மனம் வரும்?

ஆயினும் பியானோவுக்கு வயலினைப்போல எளிதில் இடம் கிடைக்கவில்லை. அதற்குத் தக்க காரணம் உண்டு. வயலினில் விரலை வழுக்கலாம், கமகம் வரும். பியானோவிலோ 88 கட்டைகள். ஒரு கட்டையை அழுத்தினால் கம்பளிச் சுத்தியல் ஒன்று கம்பியைத் தட்டும். அதோடு சரி. பிறந்த ஒலியை அசைக்க முடியாது, வளைக்க முடியாது. அது மெல்லத் தேய்ந்து மறையும். தோடியின் காந்தாரம் அசைந்துகொண்டே இருக்க வேண்டிய சுவரம். அது எந்தக் கட்டையிலும் இல்லை. இதே குறைக்காகத்தான் ஆர்மோனியத்தை அகில இந்திய வானொலி 1940 முதல் 1971 வரை விலக்கி வைத்தது. மோகனம் மட்டும் எங்களைக் கைவிடுவதில்லை. மூன்று கறுப்புக் கட்டைகள் சேர்ந்திருக்கும் இடத்தில் முதற்கட்டையைச் சட்சமாக வைத்துக் கறுப்பை மட்டும் வாசித்துக்கொண்டே போனால், ச ரி க ப த என்று மோகனம் தானே வந்துவிடும். நம்பாதவர்கள் வாசித்துப் பாருங்கள்.

இந்தக் குறையோடு ஒருவர் என்ன செய்ய முடியும் என்பதற்குச் சென்னைப் பியானோ கலைஞர் அனில் சீனிவாசனே விடை. இவர் 1977-இல் பிறந்தவர். சிறுவயது முதல் மேல்நாட்டு முறைப்படி பியானோ பயின்று, அமெரிக்காவில் உயர்கல்வி பெற்றவர். ஊர் திரும்பி, சிக்கில் குருசரண் என்ற கர்நாடக இசைப் பாடகரோடு சேர்ந்தார். வேளாங்கண்ணிக்குப் பேருந்தில் போகும்போது, நாகப்பட்டினத்துக்குச் சற்று முன்னால் சிங்காரவேலர் கோயில் கோபுரம் தெரியுமே, அந்தச் சிக்கில்தான். புல்லாங்குழல் வாசித்துச் சங்கீத கலாநிதி பட்டம் பெற்ற சிக்கில் சகோதரிகளுள் மூத்தவரான குஞ்சுமணி அம்மையாரின் பேரன் குருசரண்.

இவர்களின் ஒலிப்பதிவுகளைக் கேட்கையில் எங்களைக் கவர்ந்தது, அனில் வாசிக்காமல் விடும் இடங்களே. பாடகர் ஒரு சங்கதியை அசைத்துப் பாடும்போது பியானோ அதைத் திருப்பிச் சொல்ல முயல்வதில்லை. முயன்றால் தோற்கும் என்று வாசிப்பவருக்குத் தெரியும். மிதியை அழுத்திச் சில சுவரங்களை மிதக்கவிட்டுக் காத்திருக்கிறது. பாட்டு மூச்சு வாங்கும் இடத்தில் மட்டும் இரண்டு மூன்று சுவரங்கள் துளித்துளியாக விழுகின்றன. வீணையைப்போல நடிக்காமல், பியானோ பியானோவாகவே இருந்து கீர்த்தனைக்கும் தமிழ்ப் பாட்டுக்கும் துணை நிற்கிறது. கமகம் வராது என்ற குறையே எங்கே சும்மா இருப்பது என்று அதற்குக் கற்றுக் கொடுத்ததோ என்னவோ!

வேகத்தை வியப்பவர்களும் உண்டு. சென்னைச் சிறுவன் லிடியன் நாதஸ்வரம் 2019-இல், பதின்மூன்று வயதில், அமெரிக்கத் தொலைக்காட்சிப் போட்டி ஒன்றில் பத்து லட்சம் டாலர் பரிசு வென்றான். ரிம்ஸ்கி-கோர்சகோவ் எழுதிய வண்டு பறக்கும் இசையை நிமிடத்துக்கு 325 தட்டு வேகத்தில் வாசித்தது அப்போதுதான். நாங்களும் கைதட்டினோம். என்றாலும் எங்களை மறுநாள் பியானோ அருகே உட்காரவைப்பது அனிலின் நிதானமே. வண்டை எங்கள் விரல்கள் பிடிக்கப்போவதில்லை!

ஆனால் அந்த நிதானம் சும்மா வருவதில்லை. இரண்டு சுவரம் எங்கே வைப்பது என்று அறிய, பாக், மொசார்ட், பீத்தோவன் என்று ஆண்டுக்கணக்கில் விரல்கள் நடந்திருக்க வேண்டும். பதினைந்து வயதில் ஓராண்டு விட்டால் விரல் விறைத்துவிடுகிறது. மீண்டும் தொடங்குபவர் மிகச் சிலர். பெண்பிள்ளைக்கு இது எதற்கு என்போருக்கு ஜெர்மனியின் கிளாரா ஷூமானைச் சொல்வோம். ஒன்பது வயதில், 1828-இல் மேடை ஏறியவர். எட்டுப் பிள்ளைகளின் தாய். 1856-இல் கணவர் இறந்தபின், ஊர் ஊராகப் பியானோ வாசித்துத்தான் பிள்ளைகளை வளர்த்தார். 1891 வரை மேடையில் வாசித்தார். பியானோ சோறு போட்டிருக்கிறது.

எங்களுள் எல்லோரும் மேடை ஏறப்போவதில்லை என்பது எங்களுக்கும் தெரியும். நாளெல்லாம் வாசிக்கவும் கேட்கவில்லை. புதன்கிழமை உணவு இடைவேளையில் அரைமணி நேரம் பியானோ அறைச் சாவியைப் பத்தாம் வகுப்புக்குத் தரும்படி தலைமை அருட்சகோதரியை வேண்டுகிறோம். அந்த அரைமணி நேரத்தால் கணக்கில் மதிப்பெண் குறையாது என்று பெற்றோருக்கும் சொல்லிக்கொள்கிறோம். மழை ஓய்ந்ததும் சுருதி சேர்ப்பவர் வரவேண்டும். ஐப்பசி ஈரத்தில் ஊறிய கீழ்ஸ்தாயிக் கட்டைகள் இரண்டு, அழுத்தினால் எழுவதே இல்லை.