பேர் மட்டும் முழு இன்ஷூரன்ஸ்

2023 டிசம்பர் 4. மிக்ஜாம் புயல் மழையில் அம்பத்தூரில் எங்கள் தெருவே குளமாகிவிட்டது. வாசலில் நின்ற கார் ஹெட்லைட் வரை முங்கிக் கிடந்தது. தண்ணீர் வடிந்ததும், ஓடுகிறதா பார்ப்போம் என்று சாவியைத் திருகினேன். கடகடவென்று ஒரு சத்தம். அத்தோடு இன்ஜின் போச்சு.

எனக்குப் பெரிய கவலையில்லை. வருடா வருடம் தவறாமல் கட்டிய 'கம்ப்ரிஹென்சிவ்' பாலிசி இருக்கிறதே! புயல், வெள்ளம் என்று அதில் அச்சடித்தே இருக்கிறது.

சர்வேயர் வந்தார். "சீட்டும் வயரிங்கும் வெள்ளத்தால் கெட்டது சார், அதற்குப் பணம் வரும். இன்ஜின் நீங்கள் ஸ்டார்ட் செய்ததால் கெட்டது. அது பின்விளைவு நஷ்டம், பாலிசியில் வராது" என்றார்.

நான் கேட்கிறேன்: உள்ளே தண்ணீர் புகாமல் இருந்தால் என் சாவியா இன்ஜினை உடைத்திருக்கும்?

தருவதாகச் சொன்ன பணத்திலும் கத்தரி. பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்குப் பாதி விலைதான். கார் ஐந்து வயதைத் தாண்டிவிட்டதால் உலோகப் பாகங்களில் 40 சதவீதம் தேய்மானக் கழிவு. அதற்கு மேல் நம் பங்காக 1,000 ரூபாய்.

இன்ஜினுக்கு 'இன்ஜின் புரொடெக்ட்', தேய்மானத்துக்கு 'ஜீரோ டெப்ரிசியேஷன்' என்று மருந்து இருக்கிறதாம். தனிக் காசு! பிந்தையது பெரும்பாலும் பழைய காருக்குக் கிடைப்பதும் இல்லை. ஃபுல் மீல்ஸ் என்று போர்டு மாட்டிவிட்டு, இலை போட்டபின் சாம்பாருக்குத் தனியாகக் காசு கேட்டால் சும்மா இருப்போமா?

"படித்துப் பார்த்து வாங்கியிருக்க வேண்டும்" என்பார்கள். ஒப்புக்கொள்கிறேன். பிரீமியம் குறைவாக இருந்தால் போதும் என்று ஏஜென்டிடம் சொன்னவனும் நான்தான். ஆனால் அம்பத்தூர், கொரட்டூர், பருத்திப்பட்டு, செம்பரம்பாக்கம் என்று ஏரிகளுக்கு நடுவே குடியிருப்பவர்கள் நாம். 2015 வெள்ளத்தையும் பார்த்தாயிற்று. இன்ஜினில் தண்ணீர் புகுந்தால் பணம் கிடையாது என்ற ஒரு வரியை முதல் பக்கத்தில், தமிழில், பெரிய எழுத்தில் போட இவர்களுக்கு என்ன கேடு? போட முடியாதென்றால் 'கம்ப்ரிஹென்சிவ்' என்ற பேரையாவது எடுத்துவிடட்டும்.

நம் வயதுக்காரர்களுக்கு ஒன்று சொல்கிறேன். தண்ணீரில் நின்ற காரை ஸ்டார்ட் செய்யவே செய்யாதீர்கள். போட்டோ எடுங்கள், கம்பெனிக்குச் சொல்லுங்கள், கட்டி இழுத்துப் போகட்டும். புதுப்பிக்கும்போது ஏஜென்டிடம் ஒரே கேள்வி: "வெள்ளத்தில் இன்ஜின் போனால் பணம் வருமா?" பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

கம்பெனியிடம் முறையிட்டும் பலனில்லையா? சென்னையிலேயே இன்ஷூரன்ஸ் ஆம்பட்ஸ்மன் அலுவலகம் இருக்கிறது. கட்டணம் கிடையாது. நான் மனு போட்டுவிட்டேன்.