மூதாதை என்றால் ஆண் மட்டும்தானா?

குடும்ப வரலாறு எழுதும் ஆர்வம் நம்மவரிடையே பெருகியிருக்கிறது. வரவேற்க வேண்டியதே. ஆனால் அந்த ஏடுகளைப் புரட்டும்போதெல்லாம் எனக்கு ஒரு மனத்தாங்கல். கடல் கடந்து வந்த ஓர் ஆண், அவருடைய மகன், அந்த மகனுடைய மகன் என்று வரிசை நீளும். வந்தவருக்கு வீடும் வளவும் தந்து, பிள்ளை பெற்று வளர்த்தவள் யார் என்று தேடினால், 'உள்ளூர்ப் பெண்ணொருத்தியை மணந்தார்' என்ற ஒற்றை வரிதான் கிடைக்கும்.

இந்தப் பழக்கம் நேற்று வந்ததல்ல. ஹாஷிம் குலத்தவர் எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலங்கையில் குடியேறிய இடங்களுள் திருகோணமலையும் ஒன்று என்ற மரபுரையை 1827இல் அலெக்சாண்டர் ஜோன்ஸ்டன் எழுதி வைத்தார். சோனகர் இனத்தால் தமிழரே என்று 1888இல் பொன்னம்பலம் இராமநாதன் வாதிட்டார். ஐ.எல்.எம். அப்துல் அஸீஸ் 1907இல் மறுப்பு எழுதினார். அஸீஸின் மறுப்பு அன்று அவசியமாக இருந்தது. அதை நான் குறைசொல்லவில்லை. ஆயினும் அந்த வழக்கு முழுவதும் வந்த ஆணைப் பற்றியது. பெண் அதில் வெறும் சான்றுப் பொருள்.

எங்கள் குடும்பத்தையே எடுத்துக்கொள்கிறேன். என் பூட்டன் காயல்பட்டினத்திலிருந்து துணி வியாபாரத்துக்காகத் திருகோணமலைக்கு வந்தவர். கிண்ணியாவில் கலியாணம் முடித்தார். அவர் வீடு கட்டவில்லை. பூட்டியின் சீதன வீட்டில் குடியிருந்தார். வீடு மகளுக்கு, மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு என்பது கிழக்கின் வழமை. மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கங்களில் குடியும் தாய்வழியாகவே வருகிறது. வரிசைநாச்சி குடி, மூத்தநாச்சி குடி என்ற பெயர்களே அதற்குச் சாட்சி. இவர்களின் மகன், அதாவது என் வாப்பாவின் வாப்பா, கந்தளாய்க் குளத்து நீரை நம்பிப் பேராற்றுக்கு வந்தார். இன்று எங்கள் வம்ச வரிசையின் உச்சியில் காயல்காரர் இருக்கிறார். கிண்ணியாக்காரியின் பெயர் எங்கும் இல்லை.

பெயர் இல்லாவிட்டால் என்ன குடிமுழுகிவிடும் என்று கேட்பவருக்குச் சட்டப் புத்தகத்தைக் காட்டுவேன். 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் தந்தை எங்கே பிறந்தார், தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் எங்கே பிறந்தார்கள் என்றே கேட்டது. தாயின் முன்னோர் எத்தனை தலைமுறை கிண்ணியா மையவாடியில் அடங்கியிருந்தாலும் அது கணக்கில் இல்லை. கிண்ணியாவில் பிறந்து வளர்ந்த மகன், தகப்பன் காயலில் பிறந்த காரணத்தால், வம்சாவழிப் பிரசை ஆக முடியவில்லை. விண்ணப்பித்துப் பதிவுப் பிரசை ஆக வேண்டியதாயிற்று. அதன் பிறகுதான் வயல் காணி கிடைத்தது. அந்தக் காணிக்கும் 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் இருந்தது. பின்னுரித்தாளர் நியமிக்கப்படாத இடத்தில் ஆண் பிள்ளைக்கே அது முன்னுரிமை தந்தது. மகளுக்கு வீடு கொடுத்த சமூகம், குடியேற்றத் திட்டத்துக்குள் வந்ததும் மகளைப் பின்னுக்குத் தள்ளும் சட்டத்தின் கீழ் வாழ்ந்தது.

தாய்வழியாகவும் பிரசாவுரிமை வரும் என்று 2003இல் அரசு திருத்திக்கொண்டது. காணிச் சட்டத்தின் ஆண் முன்னுரிமையை 2022இல் நீக்கியது. திருத்தாமல் இருப்பது நமது வம்ச ஏடு மட்டுமே.

'நஸபு தகப்பன் வழிதானே?' என்பார்கள். ஆம், அதை யாரும் மறுக்கவில்லை. தாயின் பெயரை எழுதக்கூடாது என்று மார்க்கம் எங்கே சொன்னது? குர்ஆன் ஈஸா நபியை மர்யமின் மகன் என்றே அழைக்கிறது. சையிது வம்சம் என்று பெருமை பேசுவோரின் வம்சமும் பாத்திமா (ரலி) என்ற மகள் வழியாகவே நீண்டது.

கந்தளாய் மண்ணே இதில் நமக்கு ஒரு பாடம் வைத்திருக்கிறது. சோழர் காலத்தில் தமிழகத்துப் பிராமணர் குடியேறிய சதுர்வேதிமங்கலம் அது. முதலாம் விஜயபாகுவின் காலத்துப் பளமோட்டைக் கல்வெட்டு, இறந்த கணவரின் நினைவாகக் கந்தளாய்ச் சிவன் கோயிலுக்குப் பொன் கொடுத்த ஒரு பிராமணப் பெண்ணைப் பெயரோடு பதிந்திருக்கிறது. நங்கைச்சானி என்பது அவள் பெயர். குடியேறிய ஒரு சமூகத்தின் பெண் பெயர் தொள்ளாயிரம் ஆண்டுகள் கல்லில் நிற்கிறது. நமக்கோ மூன்று தலைமுறைக்கு முந்திய உம்மாவின் பெயர் தெரியவில்லை.

குடும்ப நூல் எழுதும் சகோதரர்களிடம் நான் கேட்பது இவ்வளவே. வந்தவரின் பெயருக்குப் பக்கத்தில் அவரை ஏற்றவளின் பெயர், ஊர், குடி, வீடு நின்ற வளவு ஆகியவற்றையும் எழுதுங்கள். 1986 ஏப்ரல் 20இல் கந்தளாய் அணை உடைந்தபோது நூற்றுக்கும் மேற்பட்ட உயிர்களோடு எத்தனையோ வீடுகளின் பத்திரங்களும் வெள்ளத்தில் போயின. இனி கேட்டறிய எஞ்சியிருப்பது வயதான பெண்களின் ஞாபகம் மட்டுமே. அவர்கள் இருக்கும்போதே போய்க் கேளுங்கள்.