ஸ்லைடை வாசிப்பது பாடமாகாது

தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் 2014-இல் பி.எட். படிப்பை ஈராண்டாக்கியபோது தகவல் தொழில்நுட்பத்துக்கும் பாடத்திட்டத்தில் இடம் கொடுத்தது. ஆனால், அந்தப் பாடத்தை நடத்துபவரைத் தவிர மற்ற பேராசிரியர்கள் பலருக்கு புரொஜெக்டர் என்பது பழைய நோட்ஸின் புது வடிவம்தான்: அவர்கள் ஸ்லைடை வாசிக்க, மாணவர்கள் எழுதிக்கொள்கிறார்கள். கரும்பலகையாவது எழுதும் வேகத்துக்குப் பாடத்தை நிதானப்படுத்தும். ஸ்லைடு அந்த நிதானத்தையும் கெடுத்துவிடுகிறது. மாணவப் பருவத்தில் வகுப்பில் பார்த்தவையே ஒருவரின் கற்பித்தலைப் பெரிதும் வடிவமைக்கின்றன என்று அமெரிக்கச் சமூகவியலாளர் டான் லார்ட்டி 1975-லேயே எழுதினார். கணிதம் கற்பித்தல் வகுப்பில் பேராசிரியர் ஜியோஜீப்ரா என்ற கணித மென்பொருளில் முக்கோணத்தின் ஒரு முனையை இழுத்து, “கோணங்களின் கூட்டுத்தொகை மாறுமா?” என்று கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்தால், பார்த்தவர்களும் நாளை தம் வகுப்பில் காத்திருப்பார்கள். தேர்வுத்தாளில் கணினியின் பாகங்களை எழுதி வாங்கும் மதிப்பெண் இந்தப் பழக்கத்தைத் தராது.

கருவியே இல்லாத கல்லூரி என்ன செய்யும் என்பது நியாயமான கேள்வி. ஆய்வுக்குழு வரும் நாளில் மட்டும் திறக்கும் ஆய்வகத்தால் பயனில்லைதான். எனினும், தமிழ்நாட்டுப் பாடநூல்களில் 2018 முதல் கியூஆர் குறியீடுகள் உண்டு. அவற்றின் வழியே மாணவர்களின் கைப்பேசியிலேயே ஒரு காணொளியைத் திறந்து, எங்கே நிறுத்துவது, எதைக் காட்டாமல் விடுவது என்று வகுப்பில் விவாதிக்கப் பெரிய செலவு ஆகாது. சாக்பீஸ் போதாதா என்பார்கள். பல பாடங்களுக்குப் போதும். எதற்குப் போதாது என்பதைக் கற்பித்தல் பயிற்சிக்குப் பள்ளிக்குப் போகுமுன்பே பி.எட். மாணவர்கள் முடிவுசெய்து பழக வேண்டாமா?