மின்சாரம் நின்றாலும் நேரம் நிற்கலாமா?

நாழிகை வட்டிலைக் கொண்டு பொழுதை அளந்தவர் நம் முன்னோர். இன்று நம் வீட்டு மாணவர்கள் உள்ளங்கையளவு ஆர்டுயினோ பலகையை வைத்துக்கொண்டு, செடிக்கு நீர் பாய்ச்சவும் பாடசாலை மணியை ஒலிக்கவும் கருவிகள் அமைக்கின்றனர். ஆயினும் அப்பலகைக்கு ஒரு குறை உண்டு. மின்சாரம் ஒரு கணம் தடைப்பட்டாலும் அது நேரத்தை அடியோடு மறந்துவிடும். அம்மறதிக்கு மருந்தே நிகழ்நேரக் கடிகாரச் சில்லு.

இச்சில்லின் உயிர்நாடி சிறியதொரு குவார்ட்ஸ் பளிங்கு. அது விநாடிக்கு 32,768 தடவை அதிர்கின்றது. அவ்வெண்ணைப் பதினைந்து முறை பாதியாக்கினால் எஞ்சுவது ஒன்று. அதுவே ஒரு விநாடிக்கணக்கு. மின்சாரம் அற்ற வேளையில் நாணயம் போன்றதொரு மின்கலம் அதனை இயக்குகின்றது.

கடைகளிற் பெரிதும் கிடைப்பவை இரண்டு. டி.எஸ். 1307 மலிவானது, ஆனால் 5 வோல்ற்று வேண்டுவது. அதன் பளிங்கு பத்து இலட்சத்தில் 20 பங்கு பிசகினால், மாதத்தில் ஏறக்குறைய 52 விநாடி பிழைக்கும். வெப்பம் மாறினால் பிசகும் மாறும். டி.எஸ். 3231 வெப்பத்தைத் தானே அளந்து திருத்திக்கொள்வது. பிசகு ஆண்டுக்கு ஒரு நிமிடமளவே. 3.3 வோல்ற்றிலும் இயங்கும். வெயில் காயும் திருகோணமலை போன்ற ஊர்களுக்குப் பின்னதே ஏற்றது என்பதில் ஐயமில்லை.

ஆனால் ஓர் எச்சரிக்கை. இசட்.எஸ். 042 என்று பொறிக்கப்பட்ட மலிவுப் பலகைகளில் மின்கலத்துக்கு மின்னேற்றும் பாதை ஒன்று உண்டு. மின்னேற்றத்தகாத சி.ஆர். 2032 மின்கலத்தை அதிலிட்டு 5 வோல்ற்று கொடுத்தால், அது வீங்கிக் கசியவும் வெடிக்கவும் கூடும். ஆதலால் அப்பாதையிலுள்ள இருவாயியையோ தடையியையோ முதலிற் கழற்றிவிடுக. பெற்றோர் இதனை அருகிருந்து கவனித்தல் நலம்.

இனி, கோளாறுகளைக் காண்போம். மின்சாரம் வரும்போதெல்லாம் கடிகாரம் ஒரே பழைய நேரத்துக்குத் திரும்புகின்றதா? நேரத்தைப் பதியும் கட்டளை நிரலில் இன்னும் இருக்கின்றது. ஒருமுறை பதிந்தபின் அதனை நீக்குக. 165 என்ற விந்தை எண் தோன்றுகின்றதா? சில்லிடமிருந்து மறுமொழியே வரவில்லை. இரு தரவுக் கம்பிகளையும் சோதிக்க. டி.எஸ். 1307 இல் விநாடி நகரவில்லையாயின், அதன் நிறுத்தக் குறி நீக்கப்படவில்லை. நேரத்தைப் புதிதாகப் பதிந்தால் ஓடத் தொடங்கும். மின்சாரம் போனபோது மட்டும் நேரம் தவறினால் மின்கலத்தை அளந்து பார்க்க. அது 3 வோல்ற்றுக்குக் கிட்டியிருத்தல் வேண்டும். அன்புவழிபுரம் போன்று துறைமுகத்தை அண்டிய ஊர்களில், உப்புக்காற்றால் மின்கலத் தாங்கியின் தகடு களிம்பேறுவதும் உண்டு. அதனைத் துடைத்தாலே குறை தீரக்கூடும்.

எல்லாம் சரியாயிருந்தும் நேரம் பிழைக்குமா? பிழைக்கும், அதற்கு நம் நாடே சான்று. மின்பற்றாக்குறையை முன்னிட்டு 1996 மே 25 இல் இலங்கையின் மணிக்கூடுகள் ஒரு மணி முன்னே நகர்த்தப்பட்டன. அதே ஆண்டு ஒக்ரோபர் 26 இல் அரைமணி பின்வாங்கின. 2006 ஏப்ரல் 15 இல் பழைய நேரம் மீண்டது. அந்த இடைக்காலத்தில் விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டிலிருந்த பகுதிகளில் பழைய நேரமே வழங்கிற்று. ஒரே தீவில் ஒரே சூரியன், மணியோ இரண்டு!

சில்லு எண்ணுவது விநாடிகளை மட்டுமே. அரசின் ஆணையை அது அறியாது. ஆதலால் சில்லில் உலகப் பொது நேரத்தையே பதிந்து, காட்டும்போது மட்டும் ஐந்தரை மணியைக் கூட்டுமாறு நிரல் எழுதுதல் விவேகம். நாளை நாட்டின் நேரம் மாறினாலும், நிரலில் ஓர் எண்ணைத் திருத்தினாற் போதும். முன்னர்ச் சேர்த்த குறிப்புகள் எதுவும் குழம்பா. மாறாததைச் சேமித்து, மாறுவதைத் தனியே வைத்தல் கருவிக்கு மட்டுமன்றி எல்லாக் கணக்குக்கும் பொருந்தும் நெறியாகும்.