வீட்டிலிருந்து வேலை: வரப்புல நின்னு பாக்கறவன் சொல்றது

ஐ.டி. கம்பெனிங்க ஆளுங்களைத் திரும்ப ஆபீசுக்குக் கூப்பிட்டா கழனிக்காரனுக்கு என்னன்னு கேப்பீங்க. நெம்மேலியில இருந்து பக்கிங்காம் கால்வாயைத் தாண்டி திருப்போரூர் போயிட்டா பழைய மகாபலிபுரம் ரோடு. அதுல வடக்கால போனா சிறுசேரி சிப்காட். எங்க பக்கத்துப் பிள்ளைங்க நிறைய பேருக்கு அங்கதான் சம்பளம். அதனால அங்க எடுக்கிற முடிவு எங்க கழனி வரைக்கும் வந்து சேருது.

2020 மார்ச் 25 ஊரடங்குல என் தம்பி மகன் லேப்டாப்போட வீட்டுக்கு வந்தான். அதுக்கப்புறம் ரெண்டு வருஷத்துக்கு மேல அங்கிருந்தே வேலை. காலையில ஆறு மணிக்கு மோட்டார் போட்டு, மடை திருப்பிட்டு, எட்டரைக்குக் குளிச்சு உக்காந்துடுவான். நவரை நெல்லு ரெண்டு போகமும் ஒழுங்கா வீடு வந்துச்சு. தம்பிக்கு சர்க்கரை, மாத்திரை தவறினதில்ல. பிறகு அவன் கம்பெனி (பேரு வேணாம்) வாரத்துல அஞ்சு நாளும் வரணும்னு சொல்லிடுச்சு. இப்போ ஏழு மணிக்குப் போறவன் ராத்திரி ஒம்பதுக்கு வர்றான். கழனியில சவுக்கு நிக்குது. சவுக்கு வெச்சா மூணு நாலு வருஷம் எட்டிப் பாக்க வேணாம் பாருங்க. அதுக்கு அடுத்தது பிளாட்டுக் கல்லுதான். ஈ.சி.ஆர். பக்கம் வந்தவங்களுக்கு அது தெரியும்.

டி.சி.எஸ். கம்பெனி 2020-ல, 2025-க்குள்ள நூத்துக்கு 25 பேர் ஆபீசுல இருந்தா போதும்னு சொன்னது. 2023 அக்டோபர்ல அதே கம்பெனி அஞ்சு நாளும் வரச் சொல்லிடுச்சு.

கண்ணு முன்னால இல்லாதவன் வேலை செய்யறானான்னு எப்படித் தெரியும்னு மேலதிகாரிங்க கேக்கறாங்க. நாங்க நடவுக்கு ரெண்டு விதமா ஆள் விடுவோம். நாள் கூலின்னா வரப்புல நின்னு பாத்துக்கிட்டே இருக்கணும். ஏக்கருக்கு இவ்வளவுன்னு பேசி விட்டா, சாயங்காலம் போய் நட்டிருக்கிறதைப் பாத்தா போதும். ஆனா ஒண்ணு, புதுசா நாத்து நட வர்ற பொண்ணு பழகின கைக்குப் பக்கத்துல நின்னாதான் கத்துக்கும். அதை நானும் ஒத்துக்கறேன்.

சீனாவுல சீட்ரிப்ங்கற பயண டிக்கெட் கம்பெனி, 2010 கடைசியில ஷாங்காய்ல இதைச் சோதனையாவே பண்ணிப் பாத்துது. கேட்டவங்கள்ல பாதிப் பேரை ஒம்பது மாசம், வாரம் நாலு நாள் வீட்டிலிருந்து வேலை பாக்க விட்டாங்க. வேலை நூத்துக்கு 13 கூடுச்சு, நின்னுட்டுப் போறவங்க பாதியாக் குறைஞ்சாங்க. ஆனா முடிஞ்சதும், வீட்டில இருந்தவங்கள்ல ஏறக்குறைய பாதிப் பேர் ஆபீசுக்கே வர்றேன்னுட்டாங்க. தனியா இருக்க முடியலையாம். இன்னொண்ணு, தனி ரூம் இருக்கிறவங்களுக்குத்தான் அந்தச் சோதனையில இடம்.

எங்க ஊருல எத்தனை வீட்டில தனி ரூம்? அதே வீட்டு மருமகளும் கம்ப்யூட்டர் வேலைதான். காதுல மெஷினை மாட்டிக்கிட்டு மீட்டிங்ல இருப்பா, "வீட்லதானே இருக்கா, அடுப்பைப் பாக்கட்டும்"பாங்க. ஆம்பளைக்கு மடை திருப்பறதோட சரி. பொம்பளைக்கு வீட்டிலிருந்து வேலைன்னா ரெண்டு வேலை. அவ ஆபீசுக்குப் போறதுதான் நிம்மதின்னு சொன்னா நான் தப்பு சொல்லமாட்டேன்.

அதனால வீடா ஆபீசான்னு அடிச்சிக்கிறது எனக்குச் சரியாப் படல. ஸோகோ கம்பெனி தென்காசிப் பக்கம் மத்தளம்பாறையில 2011-லேயே ஆபீஸ் போட்டாங்க. அதை ஆரம்பிச்ச ஸ்ரீதர் வேம்பு 2019-ல அங்கேயே குடியேறிட்டார். கிராமத்துல உக்காந்து உலகத்துக்கே சாப்ட்வேர் விக்கறாங்க. தென்காசியில முடியறது திருப்போரூர்ல, மதுராந்தகத்துல ஏன் முடியாது? ஒரு மாடி வாடகைக்கு எடுத்து, ஜெனரேட்டரும் அம்பது நாற்காலியும் போட்டா போதும். புதுப் பசங்க ரெண்டு சீனியரோட உக்காந்து பழகலாம், மருமகளுக்கும் அடுப்பு இல்லாத இடம் ஆச்சு, தம்பி மகன் ஆறரைக்கு மோட்டார்கிட்ட வந்துடுவான். அந்தச் சவுக்கை வெட்ட இன்னும் ரெண்டு வருஷம் இருக்குது. வெட்டினதும் மறுபடி நெல்லா, வேற ஏதாவதான்னு தம்பி இப்பவே கேட்டுக்கிட்டிருக்கான்.