காத்திருப்போர் பட்டியலும் கைவிடலாகாப் பிள்ளைகளும்

ஆண்டுதோறும் வேனில் முடிந்து கல்லூரிச் சேர்க்கைக் காலம் தொடங்கும்போது தமிழகத்தின் எண்ணிறந்த வீடுகளில் ஒரே வினா எழுகின்றது: “பெயர் வந்துவிட்டதா?” ஆரணியின் தறிவீடுகளிலும் அவ்வினாவே கேட்கின்றது. தந்தை தறிக்குழியில் அமர்ந்து பட்டு நெய்ய, பக்கத்திலிருந்து தார் சுற்றிக்கொண்டே பாடம் படித்த பிள்ளையின் பெயர் தேர்வுப் பட்டியலில் இல்லை. காத்திருப்போர் பட்டியலின் ஒரு மூலையில் கிடக்கின்றது. அன்றி, அதிலும் இல்லை. இந்நிலையில் அப்பிள்ளை செய்யத் தக்கது யாது? பெற்றோர் செய்யத் தக்கது யாது? இனநலம் பேசும் நாம் செய்யத் தக்கது யாது? இவற்றையே இத்திங்கள் எழுத விழைகின்றோம்.

முதற்கண் ஒன்றைத் தெளிவாக உணர்தல் வேண்டும். சேர்க்கைப் பட்டியல் என்பது இடங்களின் எண்ணிக்கையைக் காட்டும் ஏடு. பிள்ளைகளின் அறிவை நிறுக்கும் எடைக்கல் அன்று. பொறியியற் சேர்க்கையை எடுத்துக்கொள்வோம். கணக்கிற்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 எனக் கூட்டி 200க்குத் தரம் பிரிக்கின்றனர். ஒரே மதிப்பெண் பெற்றோர் பலராயின், பாட மதிப்பெண்களை ஒவ்வொன்றாக ஒப்பிடுகின்றனர். எல்லாம் ஒத்துவிட்டால், இறுதியில் ‘சமவாய்ப்பு எண்’ என்னும் குலுக்கல் எண்ணே முன்பின் முடிவு செய்கின்றது. கணினி உதிர்த்த ஓர் எண் பின்னுக்குத் தள்ளிய பிள்ளையை “அறிவு குறைந்தவன்” என்று சொல்ல எவர்க்கு உரிமையுண்டு?

காத்திருப்போர் பட்டியலும் கல்லிற் பொறித்த எழுத்தன்று. மருத்துவத்தில் இடம் கிடைத்தவன் பொறியியலை விடுகின்றான். பொறியியலில் இடம் கிடைத்தவள் கலைக் கல்லூரியை விடுகின்றாள். ஒருவர் விட்ட இடம் அடுத்தவர்க்கு நகர்கின்றது. முதற்சுற்றில் இல்லாத பெயர் மூன்றாஞ் சுற்றில் வருவதும், துணைக் கலந்தாய்வில் வருவதும் உண்டு. எனவே, முதற்பட்டியலைக் கண்ட அன்றே எல்லாம் முடிந்ததென்று கருதி ஒடுங்குவது பேதைமை. “எப்படியும் வரும்” என்று வாளா இருப்பதும் அதனினும் பேதைமை.

இனி, வாயில் அடைபடுவது எப்போதும் இடப்பற்றாக்குறையால் மட்டும் நிகழ்வதன்று. வாயிலின் அமைப்பே கோணலாயிருக்கும் காலமும் உண்டு. தமிழர் வரலாறு இதற்குச் சான்று.

அந்நாளைய சென்னை மாநிலத்தில் வகுப்புவாரி ஆணை வழங்கி வந்தது. 14 இடங்கள் இருப்பின் பார்ப்பனரல்லாத இந்துக்களுக்கு 6, பின்தங்கிய இந்துக்களுக்கு 2, பார்ப்பனர்க்கு 2, தாழ்த்தப்பட்டோர்க்கு 2, ஆங்கிலோ இந்தியர்க்கும் கிறித்தவர்க்கும் 1, முசுலிம்களுக்கு 1 எனப் பகுக்கப்பட்டன. மருத்துவக் கல்லூரியில் தமக்கு இடம் கிடையாதெனச் செண்பகம் துரைராசன் வழக்காடினார். அவர் கல்லூரிக்கு வேண்டுகையே கொடுத்திருக்கவில்லை. ஆயினும் 1951 ஏப்பிரல் 9ஆம் நாள் உச்ச நயன்மன்றம் அவ்வாணையைச் செல்லாதென்றது. தமிழகம் கொதித்தெழுந்தது, பெரியார் களம் கண்டார். அதே ஆண்டு சூன் திங்களில் இந்திய அரசியல் சட்டத்தின் முதல் திருத்தம் வந்தது. 15(4) என்னும் உட்பிரிவு பிறந்தது. ஒரு கல்லூரிச் சேர்க்கை வழக்கில் தோற்றவர்கள் ஒன்றுபட்டு எழுந்து, நாட்டின் அடிப்படைச் சட்டத்தையே திருத்த வைத்தனர் என்பதை நம் பிள்ளைகள் அறிதல் வேண்டும்.

கடல் கடந்த ஈழத்தில் 1971இல் ‘தரப்படுத்தல்’ வந்தது. மருத்துவக் கல்விக்குச் சிங்கள மாணவர்க்கு 229 மதிப்பெண் போதும். தமிழ்வழி மாணவர்க்கு 250 வேண்டும் என்றனர். ஒரே தேர்வு, இரண்டு அளவுகோல்! அவ்வாயிலில் மறிக்கப்பட்ட இளைஞர் தலைமுறையின் மனக்கொதிப்பு அந்நாட்டின் பின்னை வரலாற்றில் எத்துணை பெரும் பங்கு கொண்டதென்பதை உலகறியும்.

நம் மண்ணிலோ, 1984இல் தொழிற்படிப்புகளுக்கு நுழைவுத்தேர்வு புகுத்தப்பட்டது. நகரத்துப் பயிற்சிக்கூடங்கள் கொழுத்தன. சிற்றூர்ப் பிள்ளைகள் மெலிந்தனர். 2006இல் இயற்றிய சட்டத்தால் அது நீங்கிற்று. பத்தாண்டு கழிந்து 2017இல் ‘நீட்’ என்னும் பெயரில் நடுவணரசின் நுழைவுத்தேர்வு தமிழக மருத்துவ இடங்களின்மேல் ஏறியது. அரியலூர் மாவட்டத்துக் குழுமூரில், மூட்டை தூக்கும் தொழிலாளியின் மகள் அனிதா 1200க்கு 1176 மதிப்பெண் பெற்றிருந்தும், மருத்துவ வாயில் அவளுக்குத் திறக்கவில்லை. உச்ச நயன்மன்றம்வரை சென்று முறையிட்டாள். அவ்வாண்டு செட்டம்பர் முதல் நாள் அவளை இழந்தோம். அவ்விழப்பைப் பெருமையாகப் பாடுவார் உளர், நாம் பாடோம். உயிரோடிருந்து, வழக்காடி, வாயிலைத் திறக்க வேண்டிய பிள்ளை அவள். இனி ஒரு பிள்ளையையும் இழக்க இவ்வினம் ஒருப்படலாகாது.

2018இல் நிகழ்ந்ததோ தமிழாசிரியர் ஒவ்வொருவரும் நெஞ்சிற் பதிக்க வேண்டியது. அவ்வாண்டு ‘நீட்’ தேர்வின் தமிழ் வினாத்தாளில் 180 வினாக்களுள் 49இல் மொழிபெயர்ப்புப் பிழைகள் இருந்தன. ‘சிறுத்தை’ என்று எழுத வேண்டிய இடத்தில் ‘சீத்தா’ என்று அச்சாகியிருந்தது! சீத்தா மரத்தைத் தோட்டத்தில் கண்ட பிள்ளை, ஓடும் விலங்கை அச்சொல்லில் எங்ஙனம் காணும்? ஐயம் எழுமாயின் ஆங்கில வினாவே முடிவானதென்று விதி எழுதி வைத்திருந்தனர். தமிழில் தேர்வெழுத உரிமை தந்துவிட்டு, தமிழைப் பிழையாக அச்சிட்டு, பிழைக்கு ஆங்கிலத்தைப் பார்த்துக்கொள் என்பது, பார்வையற்றவனுக்குக் கோலைக் கொடுத்துப் பாதையில் குழி வெட்டுவது போன்றதாம்.

நாடாளுமன்ற உறுப்பினர் டி.கே. இரங்கராசன் வழக்குத் தொடுத்தார். வினா ஒன்றுக்கு 4 வீதம் 49 வினாக்களுக்கு 196 மதிப்பெண் தருக என்று மதுரைக் கிளை உயர் நயன்மன்றம் சூலை 10ஆம் நாள் தீர்ப்பளித்தது. நாளிதழ்கள் அதனைக் ‘கருணை மதிப்பெண்’ என்றெழுதின. கருணையா அது? பிழை செய்தவன் பட்ட கடன் அன்றோ? பத்து நாளில் உச்ச நயன்மன்றம் அத்தீர்ப்பை நிறுத்தி வைத்தது. நவம்பரில் நீக்கியே விட்டது. அனைவர்க்கும் ஒரேயடியாக 196 தருவது முறையன்று என்பாரின் வழக்கை நாம் மறுக்கவில்லை. ஆனால் 49 பிழைகளும் பிழைகளே. அவற்றாற் கெட்ட பிள்ளைகளுக்கு வேறெந்த மாற்றும் கிட்டவில்லை என்பதே நம் குறை.

இத்தனையும் கூறுவது பிள்ளைகளின் நெஞ்சை உடைப்பதற்கன்று. மறுப்பு வந்தால் இரண்டு வினாக்களைப் பிரித்துக் கேட்கும் பழக்கம் வேண்டும் என்பதற்காகவே. ‘என் தாளில், என் சான்றில், என் தரவரிசையில் பிழை உண்டா?’ என்பது ஒன்று. ‘வாயிலே கோணலா?’ என்பது மற்றொன்று. முன்னதற்குத் தனியொருவரின் விரைந்த முறையீடு வேண்டும். பின்னதற்கு ஊர்கூடித் தேரிழுத்தல் வேண்டும்.

தனி முறையீட்டுக்குரிய வழிகளைச் சுருங்கக் கூறுவோம்.

முதலாவது, விடைத்தாள். பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் ஐயத்திற்கிடமாயின், விடைத்தாள் படி பெற்று மறுகூட்டலோ மறுமதிப்பீடோ கேட்க வழியுண்டு. திருத்திய விடைத்தாளைக் காண்பது தேர்வெழுதியவரின் உரிமை என்று 2011 ஆகத்தில் உச்ச நயன்மன்றமே கூறியுள்ளது. ஆனால் கேட்கும் நாள்கள் மிகச் சிலவே. நாள் தவறின் உரிமையும் தவறும்.

இரண்டாவது, தரவரிசை. பட்டியல் வெளியானதும் குறை தெரிவிக்கச் சில நாள்கள் தருகின்றனர். வகுப்பு, மதிப்பெண், ஒதுக்கீடு ஆகியவை சரியாகப் பதிவாகியுள்ளனவா என்று பெற்றோர் ஒரு முறை, ஆசிரியர் ஒரு முறை பார்த்தல் வேண்டும். ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியிலேயே படித்த பிள்ளைக்கு 2020ஆம் ஆண்டுச் சட்டத்தால் மருத்துவத்திலும், 2021ஆம் ஆண்டுச் சட்டத்தால் பொறியியல், வேளாண்மை, சட்டம் முதலியவற்றிலும் 7.5 விழுக்காடு உள்ளது. அதற்குரிய சான்று இணைக்காமையால் இடமிழப்பது எத்துணைக் கொடிது! குடும்பத்தில் முதற்பட்டதாரியாக வரும் பிள்ளைக்குத் தொழிற்படிப்பில் கட்டணச் சலுகை 2010 முதல் உண்டு. வட்டாட்சியர் அலுவலகத்துச் சான்றுகளைத் தேர்வு முடிந்த கையோடே வாங்கி வைத்தல் வேண்டும்.

மூன்றாவது, விரைவு. 2019 திசம்பர் 13ஆம் நாள் உச்ச நயன்மன்றம் ஒரு நெறி வகுத்தது: தன் பிழை ஏதுமின்றி மருத்துவ இடம் மறுக்கப்பட்ட தகுதியுள்ள மாணவர், காலந்தாழ்த்தாது வழக்காடியிருப்பின், அவர்க்கு அவ்வாண்டே இடம் தரலாம், இயலாதாயின் அடுத்த ஆண்டு தரலாம் என்பது அது. 2024இல் வடநாட்டுக் கூலித் தொழிலாளி ஒருவரின் மகன், 17,500 உருபாவை உரிய மணிக்குள் கட்ட இயலாமல் தன்பாத் தொழில்நுட்பக் கழகத்தில் இடமிழந்தான். சார்க்கண்டில் முறையிட்டான், சென்னையில் முறையிட்டான், தில்லியில் முறையிட்டான், செட்டம்பர் 30ஆம் நாள் அவனுக்கு இடம் தருமாறு உச்ச நயன்மன்றம் ஆணையிட்டது. பணமில்லாதார் வழக்காட இயலாதென்பது முழுவுண்மையன்று. 1987ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பெண்டிர்க்கும் பட்டியல் வகுப்பினர்க்கும் ஏழையர்க்கும் கட்டணமின்றி வழக்குதவி கிடைக்கும். வட்டச் சட்டப் பணிகள் குழுவை அணுகுக.

நான்காவது, காத்திருக்கும்போது கைப்பிடியொன்று வேண்டும். செய்யாற்றிலும் திருவண்ணாமலையிலும் அரசு கலைக் கல்லூரிகள் உள்ளன. ஆரணியை அடுத்த தச்சூரிலேயே பல்கலைக்கழகப் பொறியியற் கல்லூரி உள்ளது. கிடைத்த நல்லிடத்தில் சேர்ந்துகொண்டு மேலிடத்திற்குக் காத்திருப்பது தோல்வியன்று. சேர்ந்த கல்லூரி மூலச் சான்றிதழ்களைப் பிடித்து வைத்தல் கூடாதென்றும், விலகுவோர்க்கு விலகும் நாளுக்கேற்பக் கட்டணம் திருப்பித் தரல் வேண்டுமென்றும் பல்கலைக்கழக நல்கைக் குழு 2018இல் அறிவித்துள்ளது.

ஐந்தாவது, தரகர். “காத்திருப்போர் பட்டியலில் பெயரை ஏற்றித் தருகிறேன்” என்று வருபவனை வாயிற்படி மிதிக்க விடாதீர். நன்கொடைப் பெயரால் மிகைப்பணம் வாங்குவது 1992ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். தறியை அடகு வைத்துத் தரகனுக்குக் கொடுத்தபின் பிள்ளைக்குக் கல்லூரியும் இல்லை, தந்தைக்குத் தறியும் இல்லை என்றாகிவிடும்.

பெற்றோர்க்கு ஒரு சொல். பாவில் இழையறுந்தால் நெசவாளர் பாவையே அறுத்தெறிவதில்லை. அறுந்த இழையைத் தேடி முடிந்து மேலே நெய்கின்றார். பிள்ளையிடத்தும் அப்பொறுமையே வேண்டும். பட்டியல் வந்த அன்று அடுத்த வீட்டுப் பிள்ளையின் மதிப்பெண்ணைச் சொல்லிக் காட்டாதீர். பேச்சற்று, உணவு மறுத்து, தனித்திருக்கும் பிள்ளையைத் தனியே விடாதீர். 104 என்னும் அரசு நலவுதவி எண்ணிலும் 14416 என்னும் மனநல உதவி எண்ணிலும் கட்டணமின்றிப் பேசலாம்; அதிற் தலைகுனிவு ஏதுமில்லை. தந்தை மறைந்தமையால் பள்ளிப்படிப்பை இடையில் விட்ட மறைமலையடிகள் 1898இல் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் தமிழாசிரியராய் அமர்ந்தார். வாயில் அடைபட்டது நன்றென்று இதனாற் சொல்லவில்லை. அடைபட்ட வாயிலோடு வாழ்வு முடிவதில்லை என்றே சொல்கின்றோம்.

அரசுக்கும் சில கூறுவோம். மறுக்கப்பட்ட ஒவ்வொரு மாணவர்க்கும் மறுப்பின் கரணியத்தைத் தமிழில் எழுதித் தருக. காத்திருப்போர் பட்டியல் நகரும் முறையை நாடோறும் வெளியிடுக. 7.5 விழுக்காட்டுச் சட்டம் இயற்றியபோது விடுபட்ட அரசுதவிபெறும் பள்ளிகளின் ஏழைப் பிள்ளைகளையும் எண்ணிப் பார்க்க. நடுவணரசோ, தமிழக மக்களின் ஒருமித்த குரலை மதிக்கக் கற்க வேண்டும். ‘நீட்’ விலக்குச் சட்டவரைவு 2021 செட்டம்பரிலும், ஆளுநர் திருப்பியனுப்பிய பின் 2022 பிப்பிரவரியிலும் சட்டமன்றத்தில் நிறைவேறியது. குடியரசுத் தலைவர் ஒப்பம் மறுத்ததை 2025 ஏப்பிரலில் அறிந்தோம். ஒரு மாநிலமே காத்திருப்போர் பட்டியலில் நிற்கின்றது!

இறுதியாக, இயக்கத் தோழர்களுக்கு. மேடையில் முழங்குவது எளிது. சேர்க்கைத் திங்களில் ஊர்தோறும் கல்வி தெரிந்த இருவர், மாலையில் இரண்டு மணி நேரம், ஒரு நூலகத்திலோ பள்ளித் திண்ணையிலோ அமர்ந்து, நெசவாளர் பிள்ளைகளின் வேண்டுகைகளை நிரப்பித் தரட்டும். முறையீட்டை எழுதித் தரட்டும். கடைசி நாளை நினைவூட்டட்டும். ஒரு பிள்ளைக்கு இடம் வாங்கித் தருவது நூறு கூட்டத்திற்கு ஒப்பாகும். இவ்வாண்டே தொடங்குவோம், ஆரணியிலேயே தொடங்குவோம்!