'ரா' இப்போ எந்தச் சேனல்ல வருது?

உத்திரமேரூர் பக்கம் டீக்கடையில் உட்கார்ந்தால் அடிக்கடி காதில் விழும் கேள்வி இது. கேட்பவர்கள் சின்னப் பசங்க இல்லை. நாற்பதைத் தாண்டிய அண்ணன்கள், ரிட்டயர் ஆன வாத்தியார்கள். பதில் ரொம்பச் சின்னது: எந்தச் சேனலிலும் வரவில்லை. 2025 ஏப்ரல் 1 முதல் இந்தியாவில் டபிள்யூ.டபிள்யூ.இ. நிகழ்ச்சிகள் நெட்ஃப்ளிக்ஸில்தான். தேதியைப் பார்த்து ஏப்ரல் ஃபூல் என்று நினைத்தவர்களுக்கு என் அனுதாபங்கள்.

'ரா' பிறந்தது 1993 ஜனவரி 11, திங்கட்கிழமை இரவு. நியூயார்க்கில் மன்ஹாட்டன் சென்டர் என்ற அரங்கம், யு.எஸ்.ஏ. நெட்வொர்க் என்ற கேபிள் சேனல், ஒரே ஒரு மணி நேரம். அந்தச் சேனலில் அப்போது அதற்குப் பெரிய மரியாதை எல்லாம் கிடையாது. நாய்க் கண்காட்சியை ஒளிபரப்புவதற்காக 'ரா'வை ஓரங்கட்டிய வாரங்கள்கூட உண்டு! பிறகு 2000-ல் டி.என்.என். சேனலுக்கு மாறியது. அந்தச் சேனலே 2003-ல் ஸ்பைக் டிவி ஆனது. 2005 அக்டோபரில் பழைய வீட்டுக்கே திரும்பியது. 2012 ஜூலையில் ஆயிரமாவது எபிசோடு. அன்று முதல் மூன்று மணி நேரம்.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்த கதை 1999 ஜனவரி 4. அன்றைய 'ரா' முன்கூட்டியே பதிவு செய்யப்பட்டது. அதே நேரத்தில் லைவாக ஓடிய போட்டி நிகழ்ச்சி 'நைட்ரோ'. அதன் வர்ணனையாளர், "அங்கே மிக் ஃபோலி ஜெயிக்கப் போகிறார்" என்று மைக்கில் போட்டு உடைத்தார். பார்ப்பவர்கள் சலித்துப் போவார்கள் என்பது கணக்கு. நடந்ததோ தலைகீழ். 'அப்படியா, ஃபோலி ஜெயிக்கிறாரா?' என்று லட்சக்கணக்கானவர்கள் உடனே 'ரா'வுக்குத் தாவிவிட்டார்கள். முடிவு தெரிந்தாலும் பார்ப்பார்கள். மல்யுத்த ரசிகர்கள் அப்படித்தான்.

நம்ம ஊருக்கு அந்தப் பிரச்னையே இல்லை. அமெரிக்காவில் முடிந்து நாள் கழித்து வந்தாலும் நமக்கு அது சுடச்சுடத்தான். இன்டர்நெட் இல்லாத காலத்தில் யார் வந்து முடிவைச் சொல்லப் போகிறார்கள்? 90ஸ் கிட்ஸுக்குக் கேபிளோடு சேர்த்து ட்ரம்ப் கார்டு. ரேங்க், உயரம், எடை, பைசெப்ஸ் என்று பாடப் புத்தகத்தைவிட நன்றாக மனப்பாடம் ஆனது அதுதான். 2002-ல் டென் ஸ்போர்ட்ஸ் வந்தது. அதே வருடம் வனவிலங்கு நிதியத்தோடு நடந்த வழக்கால் டபிள்யூ.டபிள்யூ.எஃப்., டபிள்யூ.டபிள்யூ.இ. ஆனது. எங்க ஊரில் அந்தத் தீர்ப்பு இன்னும் அமலுக்கு வரவில்லை. இன்றும் எஃப்-தான்.

நான் 2கே கிட். எங்களுக்கு 'ரா' வந்த வழி வேறு. 2006-ல் தமிழக அரசு கொடுக்க ஆரம்பித்த இலவச கலர் டிவி எங்கள் தெருவுக்கும் வந்தது. அதே வருடம்தான் கிரேட் காளி வந்து அண்டர்டேக்கர் முன்னால் நின்றார். அது 'ஸ்மாக்டவுன்', 'ரா' இல்லை. எங்களுக்கு அந்த வித்தியாசமெல்லாம் தெரியாது. மறுநாள் வைக்கோல் போரில் சோக்ஸ்லாம். 'வீட்டில் முயற்சிக்காதீர்கள்' என்று டிவியில் போடுவார்கள். வைக்கோல் போர் வீட்டுக்கு வெளியேதானே இருக்கிறது?

ஆனால், வீட்டில் நிஜமான ரசிகை எங்க ஆயாதான். பெயரெல்லாம் வாயில் நுழையாது. அண்டர்டேக்கர் 'நீட்டு முடிக்காரன்', கேன் 'முகமூடிக்காரன்'. எல்லாம் எழுதி வைத்து நடிப்பது என்று மாமா சொன்னால், சீரியல் மட்டும் நிஜமா என்று கேட்பார். மாமாவிடம் பதில் இருக்காது. ஆங்கிலம் ஒரு வார்த்தை தெரியாமல் வருடக்கணக்காகப் பார்த்தவர். 2021-ல் தமிழுக்கும் தெலுங்குக்கும் என்று சோனி டென் 4 வந்து, அதில் தமிழ் வர்ணனை கேட்டபோது, "இப்பத்தான் வீட்டு ஆளு மாதிரி பேசறாங்க" என்றார். 2023 செப்டம்பரில் ஜான் சீனா ஹைதராபாத் வந்து மோதியதையும் அந்தச் சேனல் தமிழில் காட்டியது. நடிகர் கார்த்தி சீனாவோடு எடுத்துக்கொண்ட படம் அப்போது எல்லோருடைய போனிலும் சுற்றியது.

நெட்ஃப்ளிக்ஸைக் குறை சொல்லவில்லை. 'ரா' உரிமைக்கு 10 வருடங்களுக்கு 500 கோடி டாலருக்கு மேல் கொடுத்திருக்கிறார்கள், சும்மா காட்ட மாட்டார்கள். செவ்வாய் விடியற்காலை லைவ் பார்க்கலாம், தூங்கிவிட்டால் எழுந்து பார்க்கலாம். மாதம் 149 ரூபாய் திட்டம் போன், டேப்லெட்டுக்கு மட்டும். டிவியில் பார்க்க 199. காசுகூடப் பெரிய விஷயம் இல்லை. கேபிள் கனெக்‌ஷனோடு, யாரும் கேட்காமலே, ஆயாவின் ரிமோட்டுக்கு வந்த ஒன்று இப்போது ஆப், பாஸ்வேர்டு, வைஃபை தாண்டிப் போக வேண்டிய இடத்துக்குப் போய்விட்டது. இந்த நிகழ்ச்சியை ஊருக்குள் கொண்டுவந்ததே நடுக்கூடத்து டிவிதான். போனில் ஒருவர்தான் பார்க்க முடியும். பக்கத்தில் உட்கார்ந்து "அடி, அடி" என்று கத்த இன்னொருவருக்கு இடம் இல்லை.

ஆயா வீட்டில் இன்னும் அந்த இலவச டிவிதான் ஓடுகிறது. அதில் நெட்ஃப்ளிக்ஸ் வராது. அதனால் செவ்வாய்க்கிழமை நான் பார்த்துவிட்டு, போன் போட்டுக் கதை சொல்கிறேன். எடுத்ததும் முதல் கேள்வி, "நீட்டு முடிக்காரன் வந்தானா?"

சோனியில் பழைய மேட்ச்சுகளையும் போட்டுக்கொண்டே இருந்ததால் ஆயாவுக்குத் தெரியாது. அண்டர்டேக்கர் 2020 நவம்பரிலேயே விடைபெற்றுவிட்டார். நானும் இன்னும் சொல்லவில்லை.